திறக்கச் சொல்லும்வரை

நவம்பர் 9, சனி. இரவு. மழை விடவில்லை.

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து ஒருவருக்கும் காட்ட வேண்டாம். அம்மாவுக்கும் வேண்டாம். வாசித்துவிட்டு அடுப்புக்குள் போடுங்கள். எழுதக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கதைக்க எனக்கு ஆள் இல்லை.

போராட வீட்டுக்கு ஒரு பிள்ளை தர வேண்டும் என்று போன கிழமை இயக்கத்தார் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். என் வகுப்பு வசந்தியை ஏற்கெனவே கொண்டு போய்விட்டார்கள். வகுப்பில் அவள் கதிரையில் இப்போது எல்லாரும் குடை வைக்கிறார்கள்.

டவுனில் ஒளிக்கவும் ஏலாது. பதிவில்லாமல் நின்றால் ஆமி பிடிக்கும். பாலத்துக்கு அங்கால் ஆமி, இங்கால் அவர்கள்.

கனடா மாமா என்னைத் தன்னிடம் எடுக்க ஒழுங்கு செய்திருக்கிறார். நேரே போக வழியில்லை. முதலில் பார்படோஸ் என்ற தீவு (இனி பா.). சுற்றுலா வந்தவர்கள் போல அங்கே இறங்கி, பிறகு வேறு விமானம். டவுனில் இருக்கும் அன்ரி என் தாயாகக் கூட வருவா. முன்பும் இரண்டு பிள்ளைகளைக் கொண்டு போய் விட்டவ. பாஸ்போட்டில் நான் சுமதி. என் சொந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன்.

நவம்பர் 11, திங்கள்.

பள்ளி முடிய அன்ரி வீடு. கேட்பவர்களுக்கு இங்கிலிஷ் ரியூசன். அன்ரி மூக்குக் கண்ணாடி போட்டு மேசைக்குப் பின்னால் இருந்தா. இமிகிரேசன் ஒபிசராம்.

"எந்த நாட்டுக்கு வந்திருக்கிறாய்?"

"வெஸ்ட் இண்டீஸ்."

"அப்பிடி ஒரு நாடு இல்லை மனே."

நான் நம்பவில்லை. ரேடியோவில் கிரிக்கெட் மெட்ச் விளையாடுகிற நாடு எப்படி இல்லாமல் போகும்?

"அது கனக்கத் தீவு சேந்த ரீம். நீ இறங்கிறது ஒரு தீவில. வெஸ்ட் இண்டீஸ் எண்டு சொன்னா மட்டையைக் கையில தந்து விளையாட அனுப்புவான்."

பாடமாக்க வேண்டியவை, எல்லாம் இங்கிலிசில்:
ஏன் வந்தாய்? ஹொலிடே.
எங்கே தங்குவாய்? கடற்கரை ஹோட்டல்.
எப்போது திரும்பிப் போவாய்? பள்ளிக்கூடம் தொடங்க முதல்.

கடைசிப் பதிலைச் சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதை மட்டும் ஆறு தரம் சொல்ல வைத்தா.

நவம்பர் 12, செவ்வாய். காலையில் வெயில், பிறகு மழை.

இன்று கஸ்ரம்ஸ், பை சோதிக்கிற இடம். என் புத்தகப் பையை மேசையில் வைத்தேன். வைத்த கையோடு திறந்து, கொப்பிகளை வெளியே எடுத்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அன்ரி கண்ணாடியைக் கழற்றிவிட்டா.

"ஆர் உன்னைத் திறக்கச் சொன்ன?"

"செக் பண்ணுவாங்கதானே."

"ஊர் பாக்க வந்தவள் இப்பிடி நிப்பாளா? பாஸ்போட்டைப் பாக்க முதல் உன்ட கையைத்தான் பாப்பான். திறக்கச் சொல்லும்வரை திறக்கிறேல்ல. கை தொங்கட்டும்."

திரும்பச் செய்தோம். கை தானாக எழும்புகிறது. திரும்பவும். பிறகு அன்ரி பின்னால் நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டா.

வரும் வழியில் பாலத்துச் சென்றிச் சோதனையில் பையை மூடியபடியே நின்றுவிட்டேன், கை தொங்க. ஆமிக்காரன் சிங்களத்தில் கத்தித் துவக்குக் குழலால் பையைத் தட்டினான். பின்னால் நின்ற மீன்கார அக்கா, "திறந்து காட்டு புள்ள, என்ன கனவா காணுறாய்?"

கொப்பி எல்லாம் சேற்றில்.

அங்கே திறக்கக் கூடாது. இங்கே திறக்காமல் நிற்கக் கூடாது. இரண்டையும் ஒரே கை எப்படிப் பழகும்?

நவம்பர் 14, வியாழன்.

பாஸ்போட் வந்துவிட்டது. சனி விடியக் கொழும்பு. இன்று அம்மாவும் அன்ரி வீட்டுக்கு வந்தா. என் உடுப்புகளுக்குள் கண்ணகி அம்மன் கோயில் விபூதி, பேப்பரில் மடித்து வைத்திருந்தா. அன்ரி கண்டுவிட்டா.

"இதென்னகா வெள்ளைத் தூள்? கஸ்ரம்ஸில கேட்டா புள்ள என்ன சொல்லும்?"

"ஹோலி பவுடர்" என்றேன்.

அன்ரி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. நானும். அம்மாவும் சிரித்தா, விளங்காமலே.

"அப்ப நெத்தியில பூசிக்கொண்டு போகட்டும்" என்றா அம்மா.

"ஓம், நெத்தியைக் கழட்டிப் பாக்கமாட்டான்."

பிறகு அம்மா பொட்டலத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்தா. சரியாக முடிய வரவில்லை. அவிழ்த்துத் திரும்ப முடிந்தா.

குசினிக்குள் இருந்து அன்ரி "சுமதி" என்று கூப்பிட்டா. நான் திரும்பவில்லை. என் சொந்தப் பேரைக் கூப்பிட்டா. உடனே திரும்பினேன்.

"இதுதான் ஆளைக் காட்டிக் குடுக்கும். அந்தப் பேரை ஆர் கூப்பிட்டாலும் திரும்பாத. அது இனி உன்ட இல்லை."

நவம்பர் 15, வெள்ளி. மழை. ஆறு முற்றம்வரை வந்துவிட்டது.

விடிந்தால் பயணம். ரியூசனுக்குப் போவதுபோலப் பள்ளிப் பையோடுதான் வெளிக்கிட வேண்டும், மற்றதெல்லாம் அன்ரியிடம்.

செருப்பில் மண் ஒட்டியிருந்தாலும் பா.வில் பிடிப்பார்களாம். அம்மா ஈர்க்கால் சுரண்டிக்கொண்டிருக்கிறா. வயல் வட்டைக்குள் வரம்பு மிதித்த சேறு, லேசில் போகாது. "கொஞ்சம் இருந்தா என்ன, நம்மட மண்தானே" என்கிறா. பிறகு திரும்பச் சுரண்டுகிறா.

அம்மா தனிய என்ன செய்வா என்று கேட்கவில்லை. அதற்குப் பாடமாக்கின பதில் இல்லை.

பொழுதுபட, ஒழுங்கைப் பாதையில் இயக்கத்தின் சைக்கிள்கள் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வந்தால் நாளைக்குத்தானே வருவார்கள், நாளைக்கு நான் இல்லை.

நாய் குரைக்கிறது.

கதவு தட்டுகிறார்கள். அம்மாவின் கையில் செருப்பு, அப்படியே நிற்கிறா. வெளியில் ஒரு பெண் குரல், என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. சுமதி இல்லை. மற்றது. நான் திரும்பவில்லை அன்ரி, உண்மையாகத் திரும்பவில்லை.

கதவைத் திறக்கச் சொல்கிறார்கள்