அலமாரிக்குப் பின்னால் பதினான்கு அங்குலம்

என் அன்பே,

நேரில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதி, உன் மதியச் சாப்பாட்டுப் பரீத்தோ ரொட்டிச் சுருளுக்கு மேல் வைக்கிறேன்.

காலேஜில் சொந்த வீட்டையே அளந்து வரையச் சொன்னார்கள். "அம்பது வயசுல கட்டடக்கலையா, கிழவி?" என்று சிரித்துக்கொண்டே நீதான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தாய். படுக்கையறைக்கு வந்ததும் உனக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது.

தனியாக அளந்தேன். சுவர்களின் தடிமனைக் கழித்த பிறகும், வெளிச்சுவரின் நீளத்தைவிட உள்ளே பதினான்கு அங்குலம் குறைகிறது. ஆசிரியை மிஸ் ஓக்லி அந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டார். "டேப் பொய் சொல்லாதும்மா. இங்க எதையோ மூடியிருக்காங்க."

துணி அலமாரியின் பின்சுவரைத் தட்டினேன். உள்ளே வெற்றிடம். அதை நீதான் கட்டினாய், நம் மகன் ரமீரோ, தானே கீறிக்கொண்ட மணிக்கட்டில் கட்டோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த அதே வாரம். உன் அப்பாவின் துப்பாக்கியை விற்றுவிட்டதாக என் கையைப் பிடித்துச் சொன்னதும் அதே வாரம்தான்.

நான் உடைத்துப் பார்க்கவில்லை.

அந்தச் சுவரே இல்லாமல் வேறு படம் வரைந்து கொடுத்தேன். "இருக்கறத வரை. ஆசைப்படறத வரையாத" என்று மிஸ் ஓக்லி திருப்பிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் ரமீரோவும் வீட்டுக்கு வருகிறான். நாம் ஒளித்துவைத்த கிறிஸ்துமஸ் பரிசுகளை ஒரு வருஷம்கூட விடாமல் கண்டுபிடித்தவன் அவன்.

படத்தை நான் மாற்றப்போவதில்லை. வீட்டை நீ மாற்று.

உன் கிழவி