போனுக்குள் நாற்பது ஏக்கர்

ஜூலை 20, ஞாயிறு

வெயில். ஆடி மாதம் என்று சொல்லிக்கொள்ள ஒரு காற்றுகூட இல்லை. காலையில் குட்டியானை வண்டியில் வாஷிங் மெஷின் வந்தது. (இனி வா.மெ.) இறக்குவதற்குள் தெருவே நம் வாசலில்.

எதிர்வீட்டு கன்னியம்மா அக்கா: "இன்னா சரளா, லாட்டரி கீட்டரி வியுந்துச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஒரு காளய வித்தன்க்கா. தங்கக் கொம்பு."

எங்கள் வீட்டில் காளை ஏது? வந்து போவது ஒரு பூனை, அதுவும் கன்னியம்மாவுடையது. ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் போக வர இவர் போனில் விவசாயம் செய்கிறார். வயல் விளையாட்டு. அதில் வளர்த்த காளையை மலேசியாவில் யாரோ நிஜக் காசு கொடுத்து வாங்கினான். இதைத் தெருவுக்கு விளக்கிச் சொல்ல இவருக்குப் பொறுமை இல்லை. பெருமை மட்டும் இருந்தது.

வா.மெ. போட்டோம். வோல்டேஜ் இல்லை. இரண்டு முறை கூவிவிட்டு நின்றது. துணியைக் கையால் துவைத்து அதன் மேலேயே காயப்போட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

பத்திரம் எழுதும் ஆபீசில் இரண்டு கிரயப் பத்திரம் அடித்தேன். கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நிலம். உத்திரமேரூர் வட்டாரத்து நிலமெல்லாம் என் விரல் வழியாகத்தான் கை மாறுகிறது. நமக்கு ஒரு பூந்தொட்டி வைக்க இடமில்லை.

சாயங்காலம் கோதண்டம் மாமா வந்தார். இவருக்குப் பெரியப்பா முறை, அம்மன் கோயில் தர்மகர்த்தா. கையில் ரசீதுப் புத்தகம். திருவிழாவுக்கு ஊர் வரி: ஏக்கருக்கு இவ்வளவு, டிராக்டருக்கு இவ்வளவு, மாடு விற்றால் அம்மனுக்கு ஒரு பங்கு. நிலமில்லாத வீட்டுக்கு வரி கிடையாது. அதனால் அவர் இந்தப் புத்தகத்தோடு நம் வாசல் ஏறி ஏழு வருடம்.

"காள வித்தியாமே, ஏழுமல?"

"அது போன்ல வித்தது பெரிப்பா."

"இப்ப அல்லாரும் போன்லதான்டா விக்கிறான். போட்டோ புட்சிப் போட்டா ஈரோட்லேர்ந்து வரான்."

இவர் போனைத் திறந்து காட்டினார். பச்சைப் பசேல் என்று வயல், வரப்பு, கிணறு. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நெலம் எவ்ளோ கீது?"

"நாப்பது ஏக்கரு பெரிப்பா." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார் மனுஷன். மாமா பேனா மூடியைக் கழற்றினார். அப்போதுதான் இவருக்கு உறைத்தது.

"ஐயோ, அது நெலமே இல்ல. வெறும் படம்."

"வெறும் படத்த எவன்டா காசு குட்து வாங்குவான்? உள்ள நிக்கிற மிஷினும் படமா?"

இவர் வா.மெ.யைத் திரும்பிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று மாமா எழுந்தார். டீயில் சர்க்கரை பத்தவில்லையாம்.

ஜூலை 23, புதன்

மேகம். மழை இல்லை. இவர் பாத்ரூமில் கூட்டத்துக்கு ஒத்திகை. வெளியே நின்று கேட்டவை:

1. அந்த வயலில் மழையே பெய்யாது. (இங்கே மட்டும்?)

2. கம்பெனிக்காரன் கடையை மூடினால் நாற்பது ஏக்கரும் போச்சு. (ஏரி உடைந்தாலும் அப்படித்தான்.)

3. நெல் நாலு மணி நேரத்தில் விளைகிறது. அதற்குப் பெயர் நெல்லா? (இது கொஞ்சம் பலமான வாதம்.)

4. இன்றைக்கு இதற்கு வரி போட்டால் நாளைக்குத் தாயக்கட்டைக்கும் போடுவார்கள்.

துண்டோடு வெளியே வந்து என் அபிப்பிராயம் கேட்டார். விளையாடுகிற வரைக்கும் விளையாட்டு, விற்றுக் காசாக்கினால் பண்டம் என்றேன். "நீ யாரு கட்சி?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாப்பாட்டை மட்டும் விடவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில், திருப்புலிவனம் தாண்டும்போது ஒரு யோசனை தோன்றியது. நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

நில வரி கட்டுகிற வீடுதான் ஊரில் 'புள்ளி'. புள்ளி வீட்டு வாசலில்தான் அம்மன் நிற்கும், தீபாராதனை வாங்கும். மாமனார் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிலத்தை விற்றதிலிருந்து நாங்கள் புள்ளி இல்லை. கோதண்டம் மாமாதான் வாங்கினார். நல்ல விலைதான் கொடுத்தார், குறை சொல்லக் கூடாது. அந்தப் பத்திரத்தை நானே அடித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடிக்கும் கோலம் போட்டு, தட்டில் கற்பூரம் வைத்து நிற்கிறேன். அம்மன் கன்னியம்மா வாசலில் நிற்கும். நம் வாசலை பஸ் மாதிரி கடந்து போகும். தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு வரும்போது யார் முகத்தையும் பார்க்க முடியாது. அழுகைதான் வரும்.

போன் நிலம் நிலம்தான் என்று ஊர் ஒத்துக்கொண்டால் நாம் புள்ளி.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். போனைத் திறந்து வயலை ஒரு சுற்று பார்த்தார். பிறகு, "நாப்பது ஏக்கருக்குமா கட்டணும்?"

"ரெண்டு ஏக்கர் போதும்யா. அம்மன் நிக்கறதுக்கு ரெண்டு ஏக்கர் போதும்."

"சரி, கட்டிடலாம்" என்றார். இரண்டாவது முறை சாம்பார் ஊற்றினேன்.

ஜூலை 27, ஞாயிறு

கோயில் வேப்பமரத்தடியில் கூட்டம். இவருக்கு இஸ்திரி போட்ட சட்டை. எழுந்து சொன்னார்: "வரி கட்டறன். நாப்பது ஏக்கருக்கும்."

ரெண்டு என்று சொல்லி அனுப்பினேன். கூட்டத்தைப் பார்த்ததும் மனுஷனுக்கு ஏறிவிட்டது.

பால் சொசைட்டிக்காரர்தான் முதலில் கணக்குப் போட்டார். "அப்போ மொத மால ஏழுமலைக்கா?" அதிக நிலம் உள்ள வீட்டுக்கு முதல் மாலை. தாத்தா காலத்திலிருந்து அது கோதண்டம் மாமா கழுத்துக்குத்தான் போகிறது.

மாமா எழுந்தார். "அதெப்டி? அது நெலமே இல்ல. வெறும் படம்."

"வெறும் படத்த எவன் காசு குட்து வாங்குவான் பெரிப்பா?" என்றார் இவர்.

ஒரே சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு குரல், "மாடு சாணி போடுதா?" இன்னொன்று, "சொசைட்டிக்குப் பால் ஊத்துமா?" மாமா கையமர்த்தினார். வழக்கப்படி நிலத்தை நடந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார்.

போனை வாங்கி மேடையில் உட்கார்ந்து, விரலால் வரப்பு வரப்பாக நடந்தார். ஊரே தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது.

"நடவு இவ்ளோ நெருக்கமா போட்டா எப்டிடா தூர் கட்டும்?"

"அது அப்டித்தான் பெரிப்பா."

"பம்பு செட்டு எங்க? மடய எவன் தொறப்பான்?"

"அந்தத் தண்ணித் துளி படத்த அமுக்கு."

அமுக்கினார். தண்ணீர் பாய்ந்தது. மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே. "கரண்டு வர்றதுக்கு நாம காத்துக்கினு கெடக்கறம், இங்க பாரு" என்று அத்தனை வயலுக்கும் பாய்ச்சி முடித்துவிட்டுத்தான் போனைக் கொடுத்தார். முடிவு புதன்கிழமை சொல்வதாக அறிவிப்பு. கூட்டத்தில் சுண்டல் சுமார்.

ஜூலை 30, புதன்

ஒரு தூறல். மண் நனையவில்லை.

மாமா தீர்ப்போடு வந்தார். விற்ற காளைக்குப் பங்கு உண்டு. விற்காத நிலம் படம், வரி இல்லை. காளை வரி கட்டினவன் புள்ளி ஆக மாட்டான்.

இவர் பங்கைக் கொடுத்தார். ரசீதில் 'காளை ஒன்று, தங்கக் கொம்பு' என்று எழுதிக் கொடுத்தார் மாமா. அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"வரி மட்டும் வாங்கிக்கிறீங்க. சாமி மட்டும் நிக்காது. ஏழு வருசமா தட்ட ஏந்திக்கினு நிக்கறன் மாமா. எங்க நெலத்துக்கும் சேத்து வரி கட்டறது நீங்கதான். உங்க வாசல்ல அம்மன் ரெண்டு தபா நிக்குதா இன்னா?"

மாமா ரசீதுப் புத்தகத்தை மூடினார். டீயை முழுதும் குடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இவரைக் கூப்பிட்டு, அந்த விளையாட்டை அவர் போனில் ஏற்றித் தரச் சொன்னார். இவரும் ஏற்றிக் கொடுத்தார். ரோஷம் கெட்ட மனுஷன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மஞ்சள் தூள், கற்பூரம், பூ சொல்லி வைக்கணும். வா.மெ.க்கு ஸ்டெபிலைசர் விசாரிக்கணும்.

இந்த வருடம் தட்டு ஏந்துவதாக இல்லை. உள்ளேயே இருந்துவிடுவேன். கற்பூரம் பட்டியலில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

மாமா ஏரிக்கரையில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பதாகக் கன்னியம்மா தகவல். அவருடைய நிஜ வயலில் ஆடு மேய்ந்ததாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கூழ் ஊற்றியாயிற்று. நல்ல கூட்டம். உள்ளேயே இருப்பதாகச் சொன்னேன் இல்லையா, மேளம் கேட்டதும் கால் நிற்கவில்லை. தட்டோடு வாசலில்.

அம்மன் கன்னியம்மா வாசலில் நின்றது, தீபாராதனை முடிந்தது, கிளம்பிற்று. முன்னால் கோதண்டம் மாமா, கழுத்தில் முதல் மாலை. நம் வாசலுக்கு நேரே வந்ததும் நடுத்தெருவில் நின்றுவிட்டார். அவர் நின்றால் மேளம் நிற்கும், மேளம் நின்றால் தூக்குகிறவர்கள் நிற்பார்கள். அம்மன் நின்றது.

மாமா போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

பின்னாலிருந்து சத்தம்: "பெரியவரே, இன்னாத்துக்கு நிக்கறம் இங்க?"

"இருங்கடா. வயலு காயுது. தண்ணி பாச்சிக்கினு கீறன்."

தெருவே சிரித்தது. இவர் உதவி செய்யப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். பூசாரி என்னைப் பார்த்தார். கற்பூரம் ஏற்றினேன். தட்டை நீட்டும்போது மாமாவின் போன் கண்ணில் பட்டது. திரை இருட்டாக இருந்தது.