பெத்தேல் வாசலில் நின்றுபோன சிப்பர்

ஜனவரி 9, திங்கள்

பெத்தேல் தேவாலயத்து இடுகாட்டுச் சரிவில் பதினோரு ஆஷ் மரம். எல்லாம் நோயில் நுனி காய்ந்து நிற்கிறது, எப்போது யார் தலையில் விழுமோ. ஏப்ரல் இரண்டு பூ ஞாயிறு. பள்ளத்தாக்கே திரண்டு வந்து கல்லறைகளைத் தேய்த்துக் கழுவிப் பூ வைக்கும் நாள். அதற்குள் மரங்கள் போகவில்லையென்றால் வாசலைப் பூட்டிவிடுவேன் என்கிறாள் தேவாலயத்துக் கைன்வென். உள்ளே என் தங்கை மாய்ர் இருக்கிறாள். அவளுக்குப் பூ வைக்காமல் ஒரு பூ ஞாயிறா?

கிளைகளைத் தூளாக அரைக்கிற எங்கள் பழைய சிப்பர் மெஷின், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுப்பது. ரோட்டோடு நின்றுவிடும். வெட்டிய கிளையெல்லாம் மேலேயிருந்து கீழே இழுத்து வந்து அதன் வாயில் கொடுக்க வேண்டும். ரப்பர் செயின் சக்கரத்தில் தானே மலையேறுகிற சிப்பர் வாங்கலாம் என்கிறாள் லவ்ரி. மாய்ரின் மகள், மரம் வெட்டும் தொழிலில் என் கூட்டாளி. நான் இதை அவள் பிறப்பதற்கு முன்பே சொன்னேன். அப்போது அப்படி ஒரு மெஷினே கிடையாது, இருந்தும் சொன்னேன்.

அதோடு நிறுத்தினாளா? "மாமா, இனிமே கிளை இழுக்கிற வேலை உங்களுக்கு வேணாம்."

யாரைப் பார்த்து? புயல் வருஷத்தில் ஒரே பகலில் நாற்பது மரத்தை ஒண்டியாக இழுத்துப் போட்டவனைப் பார்த்து!

ஜனவரி 14, சனி

மெஷின் விற்கிற ட்ரெவோரின் கொட்டகைக்குப் போனோம். சொந்தக் கிளையைக் கொண்டுபோய்த் தின்னக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். ஒரு லோடு கொண்டுபோனோம்.

ஒன்று எட்டங்குல வாய். நான் கொடுத்த கட்டையைச் சப்பாமல் விழுங்கியது. மெஷின் என்றால் அது! இன்னொன்று ஆறங்குலம். வாசலில் சக்கரத்தை ஒடுக்கிக்கொள்ளுமாம், சரிவில் அகட்டிக்கொள்ளுமாம். லவ்ரிக்கு அதுதான் வேண்டும். ஓட்டிப் பார்க்கிறேன் என்று கொட்டகைக் கதவை இடித்தாள்.

"இது மெஷினா, பொம்மையா?" என்றேன்.

"அண்ணே, பெரிய மெஷின் பட்டினி கிடந்து இளைக்காது. வாசல் அகலம் எவ்வளவு?" என்றான் ட்ரெவோர்.

"நூத்தி முப்பத்திநாலு சென்டிமீட்டர். நானே அளந்தேன்." பெரியது நூற்று இருபத்தெட்டுதான். போதாதா?

"மாமா, நான் ஒருதடவை அளந்துட்டு வந்துடறேனே..."

"என் அளவு மேல சந்தேகமா உனக்கு?" என்று கத்தினேன். கொட்டகையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜனவரி 17, செவ்வாய்

மூன்று நாளாகப் பேச்சில்லை. எனக்கென்ன வந்தது?

ஜனவரி 20, வெள்ளி

வாங்குவதற்கு முன் ஒருநாள் ஓட்டிப் பார்க்க ட்ரெவோர் பெரியதையே கொண்டுவந்தான். லவ்ரி விட்டுக்கொடுத்தாள். நான் ஜெயித்தேன்.

வாசலில் பாதி நுழைந்து கறமுற என்று நின்றுவிட்டது. வாசல் தூண்களின் அடியில் இரண்டு பக்கமும் ஸ்லேட் கல் துருத்திக்கொண்டிருக்கிறது. மேலே நூற்று முப்பத்திநாலு, சரிதான். சக்கரம் ஓடுவது கீழே அல்லவா! லவ்ரி தரையில் படுத்து அளந்தாள். தொண்ணூற்றெட்டு.

கைன்வென் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இத்வால், இந்தக் கல்லு எங்க தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கு. நேத்து முளைச்சது இல்ல."

அந்தக் கல்லை நட்டவன் கண் அவிய! ட்ரெவோர் சிரித்தான். பின்வாங்கும்போது ஒரு கல்லில் கீறல் வேறு.

வேனுக்குள் வந்ததும் லவ்ரி கேட்டாள். "மாமா, கீழ அளக்கலையா?"

"அளந்தேன்."

"குனிஞ்சா அளந்தீங்க?"

கதவை அடித்துச் சாத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். இரண்டு மைல். ஒன்றரை மைல் நொண்டினேன்.

ஜனவரி 21, சனி

யார்மேல் கோபம்? ட்ரெவோர்மேல். கல்மேல். கைன்வென்மேல். போன வருஷத்திலிருந்து இந்த வலது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. டேப்பை நெஞ்சு உயரத்தில் பிடித்தேன், ஏனென்றால் அதற்குக் கீழே — சரி. எழுதியாயிற்று. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

என்னால் குனிய முடியாது என்று தெரிந்தால் அவள் எதற்கு என்னை வைத்துக்கொள்வாள்?

பிப்ரவரி 3, வெள்ளி

சிறியது வந்தது. எண்பத்தாறு. வாசலில் உரசாமல் போய், மேலே சக்கரத்தை அகட்டிக்கொண்டு, கல்லறைகளுக்கு நடுவே நேராக ஏறியது.

"இழுத்துக் குடுக்கறது நான். ஓட்டறது, ஊட்டறது நீங்க. வேற யாரும் இதத் தொடக் கூடாது" என்றாள் லவ்ரி.

பரிதாபமா என்று உறுமினேன்.

"பரிதாபமா? போன மாசம் நான் ஓட்டிப் பார்த்தப்ப ட்ரெவோர் கொட்டகைக் கதவ இடிச்சேனே, மறந்துட்டீங்களா?"

அதுவும் உண்மைதான். இருந்தாலும் நாள் முழுக்கக் கோபமாகவே ஊட்டினேன்.

ஏப்ரல் 2, பூ ஞாயிறு

பதினோரு மரமும் இல்லை. சரிவு முழுக்க வெயில். மாய்ரின் கல்லில் பாசி பிடித்திருந்தது. சுற்றிலும் எல்லாரும் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாளியோடு கொஞ்சநேரம் நின்றேன்.

"லவ்ரி, எனக்கு முட்டி மடங்கலை. நீ தேய்" என்றேன். கைன்வென் காதில் விழும்படியே சொன்னேன்.

அவள் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சரிவில், ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல், ஒரு மணிநேரம். வேறு எவனாலும் முடியாது.