பூனோ ஊர் ஏரியில் ஒரு குற்றாலக் குளியல்

என் மகளுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் அப்பாவின் நல்லெண்ணெய் பாட்டிலை என் பையின் அடியில் ஒளித்து வைத்தேன். வீண்தான்.

நீ ஏற்பாடு செய்த அரைநாள் சுற்றுலா முழுவதும், "நம்ம குத்தாலம் மாதிரி வருமா?" என்று அந்தப் பெரு நாட்டு வழிகாட்டிப் பெண்ணிடம் தமிழிலேயே கேட்டுக்கொண்டு வந்தார். ஏரிக்கரையில் இறங்கியதும், எப்படியோ எடுத்துவந்த எண்ணெயைத் தலையில் தேய்த்து, பனிபோல் குளிர்ந்த தண்ணீரில் முங்கிவிட்டார். அந்தப் பெண் அலறினாள்.

"தண்ணியப் பாத்துட்டுக் குளிக்காமப் போனா தென்காசிக்காரன்னு சொல்லிக்கிட முடியுமாட்டி?" என்றார் என்னிடம், பல் கிடுகிடுக்க.

இப்போது விடுதியில் கம்பளிக்குள் கிடந்து, நாளைய தீவுப் பயணத்தைப் பற்றிக் கேட்டால், "தீவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே ஊருக்குப் போயிருவோம்" என்கிறார்.

கல்யாணமான நாள் முதல் அவர் திரும்பச் சொன்ன இடத்திலெல்லாம் திரும்பியிருக்கிறேன். நாளைக் காலைப் படகில் நான் மட்டும் தீவுக்குப் போகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் அம்மா