விளக்கெரியும் காலிக் கடைகள்

பிப்ரவரி 3

செருப்புக் கடையும் மூடியாயிற்று. மாலின் இரண்டாம் மாடியில் இனி உயிரோடு இருப்பவை மூன்றே கடைகள். மேனேஜர் கூப்பிட்டு, "மூடின கடைகளோட கண்ணாடிக்குள்ள நீங்களே ஏதாவது அலங்காரம் பண்ணிடுங்க மேடம். பாக்குறவங்களுக்குக் கடை நடக்குற மாதிரியே இருக்கணும்" என்றார். இத்தனை வருடம் கடைக்காரர்கள் கொடுத்த துணியைத்தான் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு மாட்டினேன். இனி எனக்குப் பிடித்ததை வைக்கலாம். வருத்தப்பட வேண்டிய நேரத்தில் மனசு துள்ளுகிறது. என்ன பிறவியோ நான்.

பிப்ரவரி 9

செருப்புக் கடையில் ஒரு சாப்பாட்டறை செய்தேன். ஒரு மேசை, நான்கு பொம்மைகள், மஞ்சள் விளக்கு. முதுகுப் பக்கம் ஒரு பிளைவுட் பலகை; அதற்கு அப்பால் தூசியும் இருட்டும்தான். ஒரு பொம்மையின் தலையை லேசாகத் திருப்பினேன் - யாரோ கதவைத் தட்டி, அவள் திரும்பிப் பார்ப்பது போல் ஆகிவிட்டது. வெளியே வந்து வெகுநேரம் நின்றேன். அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

பிப்ரவரி 10

மழை. ஆளில்லாத எஸ்கலேட்டர் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 17

மேல்மாடி சினிமாவில் டிக்கெட் கிழிப்பவர் கீழே வந்தார். மதியக் காட்சிக்கு ஆறு பேராம். மால் வருவதற்கு முன் தெருமுனைத் தியேட்டரில் இருந்தவர். "நாங்க அங்க கதவைப் பூட்டினப்போ, இங்க எஸ்கலேட்டர்ல ஏற வரிசையில நின்னாங்க. இப்போ படமும் செருப்பும் வீட்டுக்கே வந்துடுது" என்று சிரித்தார். அந்த வரிசையில் நானும் அக்காவும் இருந்தோம். முதல் படியில் கால் வைக்கப் பயந்து அவள் என் கையை நசுக்கியே விட்டாள்.

மார்ச் 2

அக்கா வந்தாள். இருபது வருடமாக யார் யார் பார்லரிலோ முடி வெட்டுகிறாள். சொந்தமாக ஒன்று வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. என் கண்ணாடிகளைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "மால் படுத்துடுச்சுன்னு சொன்னாங்களேடி! இவ்ளோ கடை இருக்கே! நான் இங்கயே பார்லர் போடப்போறேன்."

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் சாப்பாட்டறையை அவள் நம்பியது எனக்கு அவ்வளவு இனித்தது.

மார்ச் 6

மேனேஜரிடம் பேசி முடித்துவிட்டாளாம். திங்கட்கிழமை கையெழுத்து. சேர்த்து வைத்தது மொத்தத்தையும் இதில் போடுகிறாள். என்னையே திட்டிக்கொண்டேன். என்னடி பண்ணி வச்சிருக்க? வாயில பூட்டா போட்டிருந்துச்சு?

மார்ச் 8

அவளைக் கூட்டிப்போய்ச் சாப்பாட்டறையின் பலகைக்குப் பின்னால் நிறுத்தினேன். தரையில் கிழிந்த அட்டைப்பெட்டிகள். பொம்மையின் சட்டையை முதுகில் குண்டூசி குத்தி இறுக்கியிருந்ததைப் பார்த்தாள்.

"இது மாதிரி எத்தனை?"

"ஏழு கடை, அக்கா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. யாரை வேணா ஏமாத்து. என்னையுமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். கையெழுத்துப் போடமாட்டாள். அது போதும். போதுமா?

ஏப்ரல் 19

இன்னமும் ஃபோனை எடுக்கவில்லை. இங்கே மேனேஜரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஜூன் 30

மால் இன்றோடு சரி. கடைசிக் காட்சிக்கு டிக்கெட் கிழிப்பவர் என்னைச் சும்மா உள்ளே விட்டார். படம் ஓட ஓடத் தூங்கிப்போனேன். கனவில் என் ஏழு கடைகளிலும் ஆட்கள் நடமாடினார்கள். பொம்மைகள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தன. அக்காவை எல்லா மாடியிலும் தேடினேன். விளக்கு போட்டதும் விழித்துக்கொண்டேன். கன்னம் ஈரமாக இருந்தது.

ஆகஸ்ட் 21

காலையில் அக்காவின் ஃபோன். "கடை திறக்கிறேன், வா." வேறொன்றும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒடுக்கமான அறை. இரண்டு நாற்காலி, தெருவைப் பார்த்து ஒரு கண்ணாடி ஜன்னல். மதியம் வரை ஈ காக்கை இல்லை. கண்ணாடி ஓரம் ஏதாவது வைக்கட்டுமா என்று மெல்லக் கேட்டேன். "நீ ஒண்ணும் வைக்க வேணாம் தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிறகு தெருவை எட்டி எட்டிப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள்.

"இந்த நாற்காலியில வந்து உக்காரு. வெளியிலேர்ந்து பாத்தா காலியா தெரியுது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதடி. அசையாம இரு."

துணியைப் போர்த்தித் தலையில் தண்ணீர் தெளித்தாள். என் முடியில் அவளைத் தவிர யாரும் கை வைத்ததில்லை. இத்தனை மாதத்தில் தோளைத் தாண்டி வளர்ந்திருந்தது. "என்னடி கோலம் இது" என்று சீப்பால் சிக்கெடுத்தாள். நிஜமாகவே வெட்டத் தொடங்கினாள்.