கராஜ் ஃப்ரீசரையும் இரண்டு ஃபெரட்டுகளையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனவருக்கு

என் பிரியமானவருக்கு, எனக்குத் தீராத தலைவலியைக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு,

இப்போதுதான் கராஜிலிருந்து உள்ளே வந்தேன். எத்தனை தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கோழி ஈரல் வாசனை கையை விட்டுப் போன மாதிரியே இல்லை. முட்டை கலந்த கேக்கைக்கூட வாயில் வைக்காத திருநெல்வேலி சைவ வீட்டுப் பெண்ணின் கை இது. எனக்காக வீட்டில் கறி சாப்பிடுவதையே விட்டவர் நீங்கள். அப்படிப்பட்ட மனிதர், கடைசியில் என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கலாமா?

போண்டாவும் பஜ்ஜியும் நன்றாக இருக்கின்றன. அதைத்தானே முதலில் கேட்பீர்கள்? நான் எப்படி இருக்கிறேன் என்று அப்புறம்தான் கேட்பீர்கள். யாழினி காலேஜுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது என்று சொல்லி இந்த இரண்டு ஃபெரட்டுகளையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். வளர்த்தது மாமிசம் தின்னும் பிராணி, வைத்த பேர் மாலை டிபன். வீடியோ காலில் இவற்றைப் பார்த்துவிட்டு ஈரோட்டிலிருந்து உங்கள் அக்கா போட்ட சத்தம் நினைவிருக்கிறதா? “ஏங்கண்ணு, இதென்ன கீரிப்புள்ளையாட்ட இருக்குது? வூட்டுக்குள்ளயா வுட்டிருக்கீங்க?” நான் அண்ணியின் பக்கம்தான் இருந்தேன். இன்றும் அவர் பக்கம்தான்.

பிப்ரவரியில், ஆபீஸ் மீட்டிங் முடிந்து எழுந்தவர் அப்படியே சரிந்தீர்கள் என்று சொன்னார்கள். அன்று முதல் வீடு நிறைய ஜனம். கோயில் நண்பர்கள் சாம்பார், ரசம், பொங்கல் என்று பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்தார்கள். எனக்குப் பசி என்பதே இல்லை. மாடியில் கூண்டுக்குள் இருந்த இரண்டுக்கும் பசித்தது. கம்பியைப் பிறாண்டுகிற சத்தம் அழுகைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. கலிஃபோர்னியாவிலிருந்து ஓடி வந்திருந்த யாழினிதான் கராஜுக்குப் போய், நீங்கள் கலந்து உறையவைத்திருந்த ஒரு டப்பாவை எடுத்துவந்து போட்டாள்.

அவள் கலிஃபோர்னியாவின் டப்ளினுக்குத் திரும்புகிற நாளில் கேட்டேன். “கூட்டிட்டுப் போயேன்டி. அப்பா ஞாபகமா உன்கிட்ட இருக்கட்டும்.”

“அம்மா, ஐ கான்ட். ஃபெரட்ஸ் ஆர் இல்லீகல் இன் கலிஃபோர்னியா.”

“விளையாடறியா? தெருவுக்குத் தெரு கஞ்சாக் கடை இருக்கற ஊர்ல இதுக்குத் தடையா?”

“ஐ நோ. இட் மேக்ஸ் நோ சென்ஸ். பட் இட்ஸ் த லா.”

அது உங்களுக்குத் தெரியும், இல்லையா? மகளுக்கு அந்த ஊரில் வேலை கிடைத்தபோது சந்தோஷத்தில் என்னைவிடக் குதித்தீர்களே, அவளால் இவற்றைக் கொண்டுபோக முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணமா?

டப்பாக்கள் தீர்ந்த அன்றுதான் என் கஷ்டம் ஆரம்பித்தது. அவற்றில் என்ன கலந்திருந்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் சோஃபாவில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தீர்கள். “இது பூனைய விடச் சுத்த மாமிச பட்சிணிங்க. குடல் இத்தூண்டு. சாப்பிட்டது கொஞ்ச நேரத்துல வெளிய வந்துடும். அரிசி, சோளம், பட்டாணி எல்லாம் இதுக்குச் சாப்பாடே இல்ல.” காபி ஆறிப்போனதைக்கூடக் கவனிக்காமல் பேசுவீர்கள். பாவம், வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். அவ்வளவு பேரிடம் பேசியவருக்கு, “வசந்தி, ஒருவேளை நான் இல்லன்னா இப்படிச் செய்” என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கடையில் எலும்பில்லாத கோழிச் சதை வெள்ளை வெளேரென்று, ரத்தமே தெரியாமல், தட்டில் வைத்துப் பிளாஸ்டிக் சுற்றி விற்கிறார்கள். அதைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. கையுறை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கத்தரிக்கோலால் நறுக்கிப் போட்டேன். இரண்டும் ஆவலாகத் தின்றன. இதற்குப் போயா இவ்வளவு அலட்டினார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கோடையில் பஜ்ஜி மாறிப்போனான். ஒரே தாவில் சோஃபாவுக்கு ஏறுகிறவன், கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தான். ரோமம் வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் காலை டைல்ஸ் தரையில் அவனது பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வழுக்கின. அப்படியே வயிற்றால் ஊர்ந்து என் காலடிக்கு வந்தான். அவனைத் துண்டில் சுற்றி, ஃப்ரீவே ஓட்டப் பயப்படுகிற நான், ஹியூஸ்டனுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற டாக்டர் அங்கேதான் இருக்கிறார்.

அந்த அம்மாளுக்கு யாழினியைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று கேட்டார். பச்சைக் கோழி என்று நிமிர்ந்து சொன்னேன். சதை மட்டுமா என்றார். ஆமாம் என்றேன். எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் வைத்தார். எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் பனிமூட்டம் மாதிரி ஏதோ வெளிறித் தெரிந்தது.

சதை மட்டும் போட்டால் அது பாதிச் சாப்பாடுதானாம். இதன் இனம் எலியைப் பிடித்தால் முழு எலியையும் தின்கிறது. சதை, எலும்பு, ஈரல், இதயம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு வேளை. எலும்பே கொடுக்காவிட்டால் சுண்ணாம்புச் சத்துக்கு உடம்பு எங்கே போகும்? தன் சொந்த எலும்பிலிருந்தே உறிஞ்ச ஆரம்பித்துவிடுமாம். பஜ்ஜி தன்னையே தின்றுகொண்டிருந்தான்.

“ஹூ வாஸ் ஃபீடிங் தெம் பிஃபோர்?” என்று கேட்டார்.

“மை ஹஸ்பண்ட்.”

“ஹி வாஸ் டூயிங் எ கிரேட் ஜாப். கேன் யூ ஆஸ்க் ஹிம் வாட் ஹி யூஸ்ட்?”

கேட்க முடியாது என்றேன். பேங்கில், இன்ஷூரன்ஸில், போன் கம்பெனியில், எல்லா இடத்திலும் இந்த வருஷம் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கெல்லாம் குரல் உடையாமல் சொன்னவள், ஒரு ஃபெரட்டைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு அந்த மேஜைக்கு முன்னால் அழுதேன். அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள்? பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து உங்களைத் திட்டினேன். வாய் விட்டுத்தான் திட்டினேன். பக்கத்துக் காரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அப்புறம் என்ன செய்வது? ஹலால் கறிக்கடைக்குப் போனேன். கோழிக் கழுத்து, ஈரல், இதயம், ஆட்டுச் சிறுநீரகம் என்று நான் வரிசையாகக் கேட்க, கடைக்காரர், “வீட்ல பார்ட்டியா ஆன்ட்டி?” என்று சந்தோஷமாகக் கேட்டார். திரும்பினால் பின்னால் லதா நிற்கிறாள், நம் கோயில் பஜனைக் குழு லதாதான். கையில் பையும் முகத்தில் அதிர்ச்சியுமாக. “ஃபெரட்டுக்கு” என்றேன். “சரி சரி” என்றாள். வாரக் கடைசிக்குள், அவர் போனதும் வசந்தி கறி சாப்பிட ஆரம்பித்துவிட்டாள், டிப்ரெஷனாம், யாரும் அவளிடம் கேட்காதீர்கள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். கறிக்கடையில் அவளுக்கு மட்டும் என்ன வேலை என்று அவளை யாராவது கேட்டார்களா?

டாக்டர் சொன்ன கணக்கு எனக்கு இப்போது தூக்கத்திலும் தெரியும். பெரும்பங்கு சதை. பத்தில் ஒரு பங்கு எலும்பு. இன்னொரு பத்தில் ஒரு பங்கு உள்ளுறுப்புகள், அதில் பாதிதான் ஈரல். ஈரல் நல்லதென்று அள்ளிப் போட்டால் அதுவே விஷம். எலும்பை ஒரு கொதி வேகவைத்துக் கொள்ளட்டுமா என்று கெஞ்சினேன். கூடவே கூடாதாம். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்திவிடுமாம். ஆகவே பச்சையாகத்தான். மூக்குக்குக் கீழே விக்ஸ் தடவி, மாஸ்க் போட்டு, பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு சனிக்கிழமை தோறும் கராஜில் நிற்கிறேன். எதிர்வீட்டு அமெரிக்கர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போகிறபோது என்னைப் பார்த்துவிட்டு வேகமாக நடக்கிறார்.

இதயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோழியின் இதயம் விரல் நுனி அளவுதான் இருக்கிறது. முதல் தடவை அதை நறுக்கும்போது, நீங்கள் விருந்தாளிகளிடம் சொன்னது காதில் கேட்டது. “இதயத்துல டாரின்னு ஒரு சத்து இருக்குங்க. அது குறைஞ்சா இதுங்களோட இதயம் பலவீனமாயிடும். அதனால ஒரு நாள்கூட விடறதில்ல.” ஒரு நாள்கூட விடவில்லை! உங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரை பாட்டில் சீல்கூட உடைக்காமல் அலமாரியில் இருக்கிறது. நடங்கள் என்று நான் வாங்கிவைத்த டிரெட்மில்லில் துணி காயப்போட்டீர்கள். லஞ்ச் டப்பாவில் நான் வைத்த கீரையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டு, ஆபீஸ் வாசல் வண்டியில் டோனட் சாப்பிட்டீர்கள். ஒரு பிடி பிராணியின் நெஞ்சுக்குக் கிராம் கணக்கில் பார்த்த மனிதருக்கு, தன் நெஞ்சு மட்டும் எப்படி அவ்வளவு இளக்காரமாகப் போயிற்று? அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஃப்ரீசர் மேலேயே சாய்ந்துகொண்டு நின்றேன். நின்று என்ன? மேலே இரண்டும் பிறாண்ட ஆரம்பித்துவிட்டன.

இதற்கு மேல் போண்டாவின் அட்டகாசம். தின்றது போக மிச்சத்தை ஒளித்துவைப்பாள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே? வீட்டில் ஒரு வாடை. குப்பைத் தொட்டி, சிங்க், ஷூ அலமாரி எல்லாம் தேடினேன். கடைசியில் பூஜை அலமாரிக்குப் பின்னால், முருகனுக்கு நேர் முதுகில், ஒரு கோழிக் கழுத்து. அன்று கிருத்திகை வேறு. முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீடு முழுக்கக் கழுவினேன். இப்போது சாப்பாடு பாத்ரூம் தொட்டிக்குள்தான். தின்று முடித்து வாயைத் துடைத்தால்தான் வெளியே வரலாம்.

போதும், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். யாழினி எங்கேயோ போட்ட விளம்பரத்தைப் பார்த்து ஷுகர் லேண்டிலிருந்து தினேஷ் என்று ஒரு பையனும் அவன் மனைவியும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். அந்தப் பெண், “ஐயோ ஆன்ட்டி, சோ க்யூட்!” என்று போண்டாவை மடியிலிருந்து இறக்கவே இல்லை. காபி கொடுத்தேன். கூண்டைக் காரில் ஏற்றியாகிவிட்டது. அப்போதுதான் சாப்பாட்டு விஷயத்தைச் சொன்னேன்.

தினேஷ் சிரித்தான். “அவ்ளோல்லாம் மெனக்கெட முடியாது ஆன்ட்டி. ட்ரை ஃபுட் வாங்கிப் போட்டுக்கறோம். பசிச்சா தானா சாப்பிடும்.”

“பசிச்சாலும் சாப்பிடாது தம்பி. குட்டியில பழகினதுதான் இதுக்குச் சாப்பாடு. வேற எதையும் சாப்பாடுன்னே இதுக்குத் தெரியாது. பட்டினி கிடந்து சர்க்கரை இறங்கி விழுந்துடும். மாத்தணும்னா கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்கா மாத்தணும். கூடவே இருந்து பாக்கணும்.”

“மேனேஜ் பண்ணிக்கலாம் ஆன்ட்டி.”

“எப்படி மேனேஜ் பண்ணுவ? இதோட குடல் எவ்ளோ தெரியுமா?” என்று ஆரம்பித்தேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அளவு காட்டினேன். எலும்பு, ஈரல், சிறுநீரகம் என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவன் மணி பார்த்தான். அந்தப் பெண் கார்ச் சாவியைத் தேடினாள். என் காபியில் ஆடை படிந்திருந்தது. கூண்டை நானே காரிலிருந்து இறக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

போனில் யாழினியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. பிப்ரவரிக்குப் பிறகு அவள் வாய் விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போனை வைக்க மனசு வரவில்லை.

பஜ்ஜி தேறிவிட்டான். டாக்டர் இரண்டாவது எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எனக்குக் கை கொடுத்தார். சோஃபாவில் உங்கள் இடத்தில்தான் ஏறிப் படுக்கிறான். இறக்கிவிட்டாலும் திரும்ப ஏறுகிறான்.

தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு யாழினி வந்தாள். அவளைக் கராஜில் நிறுத்திக் கையில் கத்தியைக் கொடுத்தேன். “கலிஃபோர்னியால ஐ டோன்ட் நீட் திஸ், அம்மா” என்றாள். “தேவைப்படுதோ இல்லையோ, கத்துக்கோ. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த வீட்ல எது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியணும்” என்றேன். அவள் ஒரு கோழிக் கழுத்தை இரண்டாக நறுக்கினாள். அப்புறம், “டிட் யூ கோ ஃபார் யுவர் செக்அப்?” என்று கேட்டாள். போனேன் என்று சொன்னேன். பி.பி. கொஞ்சம் கூட இருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், காலையில் அதை முழுங்கிவிட்டுத்தான் காபி என்றும் சொன்னேன். பச்சை இறைச்சி பிசுபிசுத்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆகவே, என்னங்க, ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த இரண்டும் இருக்கிற வரை சதை, எலும்பு, ஈரல், இதயம் என்று எதுவும் குறையாமல் போடுவேன். என் மாத்திரையையும் தவறாமல் போடுவேன். போகிற நாள் எதுவென்று எனக்கும் தெரியாது. ஆனால் எதையும் சொல்லாமல் போகமாட்டேன், மகளிடம் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். உங்களை மன்னிப்பதைப் பற்றி மட்டும் இப்போதைக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

இன்னும் கோபம் தீராத
உங்கள் மனைவி,
வசந்தி
பேர்லேண்ட்