தாங்கிக்கொள்ளச் சொன்னவள்

திட்டுவதற்கு எல்லா உரிமையும் இருந்தும் ஒருநாள்கூட என்னைத் திட்டாமல் போய்விட்ட என் ரோஸ்லின் மதினிக்கு,

உங்கள் மகள் பியூலா நாளையிலிருந்து வேலைக்குப் போகிறாள். எங்கே என்று கேட்காதீர்கள். நீங்கள் போன அதே பட்டாசுக் கம்பெனிதான். வெடித்த அறையை இடித்துவிட்டுப் பக்கத்திலேயே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் பழைய மாதிரியே ‘நான்கு நபர்கள் மட்டும்’ என்று எழுதியும் வைத்திருக்கிறார்களாம்.

போர்மேன் வீடு தேடி வந்து கூப்பிட்டார். “அம்மா எடத்துல மகளுக்கு வேலை. வேற எந்தக் கம்பெனில இப்படிக் குடுப்பாக, சொல்லுங்க டீச்சர்” என்றார். நான் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன் மதினி.

நர்ஸிங் சேர்வதாக இருந்த பிள்ளை. அந்த இடத்துக்கா போகிறாய் என்று கேட்டேன். அவள் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள்.

“அம்மா தாங்குனாக. நான் தாங்க மாட்டேனா? நீங்கதான அத்தை மேடையில சொன்னீக.”

அந்தக் காலண்டரில் இருப்பது என்னுடைய வரிதான். ‘தாங்கியவரே வென்றவர்.’ நீங்கள் போன மறுமாதம் எங்கள் இலக்கிய மன்றத்தில் நான் பேசியது. திருத்தங்கல் அச்சகக்காரர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். அவருக்கு அது பிடித்துப்போய் அச்சிட்டார். உங்கள் கம்பெனியே அதை மொத்தமாக வாங்கி வேலையாட்களுக்குக் கொடுத்தது.

பஞ்சத்தில் பிள்ளைகளை வளர்த்தவள், சிறையில் வருஷங்களைக் கழித்தவன், புருஷன் கைவிட்டும் குடும்பத்தை நிமிர்த்தியவள் என்று எந்த மொழிக் கதையை எடுத்தாலும் துன்பத்தைத் தாங்கும் மனிதர்தான் நடுவில் நிற்கிறார் என்று அன்று பேசினேன். கடைசியில் உங்களையும் அந்த வரிசையில் நிறுத்தினேன். கணவனை இழந்தும் மனம் தளராமல் உழைத்த என் மதினி என்றேன். சனம் எழுந்து நின்று கை தட்டியது. பியூலா முதல் வரிசையில் இருந்தாள்.

அந்தக் கதைகளை எல்லாம் என்னைவிட நன்றாகப் படித்தவர் நீங்கள். எங்கே படித்தீர்கள் என்று நான் மேடையில் சொல்லவில்லை. நாலு பேர் அறையில் ஒன்பது பேரை உட்காரவைத்து வேலை வாங்குவார்கள். சோதனைக்கு ஜீப் வருகிறது என்றால் ஐந்து பேர் எழுந்து பின்னால் கருவேலங்காட்டில் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். ஜீப் போகிறவரை முள்ளுக்குள் உட்கார்ந்து, இடுப்பில் செருகிக்கொண்டு போன என் நாவல்களைப் படிப்பீர்கள். ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டீர்கள்.

“எல்லாக் கதையிலயும் தாங்கிக்கிட்டே இருக்காளுகளே கிரேஸ். ஒருத்திகூட எந்திச்சுப் போக மாட்டாளா?”

“போய்ட்டா கதை முடிஞ்சுபோகுமே மதினி.”

“முடியட்டுமே. அவ நல்லாருப்பால்ல.”

நான் சிரித்தேன். எட்டாவதோடு நின்றவருக்கு இலக்கியம் எங்கே பிடிபடும் என்று நினைத்தேன். அந்தக் கதைகளை எழுதியவர்களில் எத்தனை பேர் ஒன்பதாவது ஆளாக உட்கார்ந்து திரிக்கு வெடிமருந்து வைத்திருப்பார்கள்?

நான் அந்தப் பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள்.

“மருந்து அடைக்கிற ரூமுக்கு மாத்திட்டாக. உள்ள ஒரு பொறி பட்டாப் போதும். திருத்தங்கல்ல பைண்டிங் வேலை கேட்டுருக்கேன், தீபாவளி கழிச்சு வரச் சொல்லிருக்காக. இங்கன விட்டா கம்பெனி வீட்டையும் விடணும். அதுவரைக்கும் நானும் பியூலாவும் ஒன் பின்ரூம்ல இருந்துக்கிறட்டா?”

“அந்த ரூம் பூராப் புத்தகம் மதினி” என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் கஞ்சத்தனம் என்று போயிருக்கும். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? “இன்னும் ரெண்டு மாசந்தான. பொறுத்துக்கோங்க. கஷ்டத்தைத் தாங்குனவங்கதான் ஜெயிச்சிருக்காங்க” என்று சொல்லி, அதற்குச் சாட்சியாக ஒரு தடித்த நாவலையும் எடுத்துக் கொடுத்தேன். இடம் கேட்டு வந்தவருக்குப் புத்தகம் கொடுத்து அனுப்பியவள் நான். “சரி டீச்சரம்மா” என்று வாங்கிக்கொண்டு போனீர்கள். அந்தக் குரலில் கோபம் இருந்ததா மதினி? எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

பத்து நாள் கழித்து வெடித்தது. மத்தியானம் இறந்தவர்கள் என்று நாலு பேர் பெயர்தான் வெளியே வந்தது. உங்கள் பெயர் அதில் இல்லை. நான் முழங்காலில் நின்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். கருவேலங்காட்டில் இருப்பீர்கள் என்று நம்பினேன். கணக்கில் இல்லாத ஐந்து பேரை சாயங்காலம்தான் தேட ஆரம்பித்தார்கள். வளைந்த கால் சுண்டுவிரலைப் பார்த்துத்தான் உங்களை அடையாளம் சொன்னேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் பியூலாவை அழைத்துவந்தேன். பின்ரூமைக் காலி செய்ய ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. புத்தகங்களைக் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தோம். அவ்வளவுதான் வேலை. நீங்கள் கேட்ட இடத்தில்தான் உங்கள் மகள் இப்போது தூங்குகிறாள். என் அத்தை மாதிரி உண்டா என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்கிறாள்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. பாதிரியாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் எனக்கு ஒரு மகள் மிஞ்சுவாள் என்று இருந்தேன். அந்த மகளைத்தான் நாளை ஆறரை மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகப்போகிறது.

அதற்கு முன்னால் அவளை எழுப்பி உட்காரவைத்துச் சொல்வேன் மதினி, இது சத்தியம். “உங்க அம்மா தாங்கிக்கிட்டு இருக்கல பியூலா. கெளம்ப நின்னாக. எடம் இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்புனது நான்.” பிறகு இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன்.

அவள் என்னைவிட்டுப் போய்விடுவாள். நர்ஸிங் விடுதிக்குப் போகட்டும், உங்கள் தங்கச்சி வீட்டுக்குப் போகட்டும், என் முகத்தில் காறித் துப்பிவிட்டே போகட்டும். அந்த வேனில் மட்டும் ஏறாமல் போகட்டும்.

உங்களுக்கு இடம் இல்லை என்று சொன்ன நாத்தனார்,
கிரேஸ்